மறதி நோய் கண்டவருக்கு ஓர் இல்லம்: எதைப் பார்த்து முடிவு செய்வது?

(நம் கிளையின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காரியதரிசி எனக்குக் கொடுத்த தலைப்பு, "நர்ஸிங் ஹோமைத் தேர்ந்தெடுப்பது எப்படி" என்பது. முதலில் இந்தப் பெயரைப் பற்றியே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நம் தேசத்தில் நர்ஸிங் ஹோம் என்றால் பத்து இருபது படுக்கைகள் கொண்ட தனியார் ஆஸ்பத்திரி. பிரசவத்துக்கும் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனுக்கும் போகிற இடம். அமெரிக்காவிலிருந்து பிள்ளை போன் செய்து, "அம்மாவை ஒரு நல்ல நர்ஸிங் ஹோமில் விடலாமே" என்று சொன்னால், அவன் சொல்வது வேறு. ஞாபக சக்தி போனவர்கள் வருஷக்கணக்கில் தங்கியிருந்து, பெரும்பாலும் கடைசி வரை பராமரிக்கப்படும் இல்லத்தைத்தான் அவன் சொல்கிறான். நான் பேசப் போவதும் அதைப் பற்றித்தான்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. கோயம்புத்தூர்ப் பக்கமும் வேறு ஊர்களிலும் நம்மவர்கள் பலர் வீடு வாங்கிப் போட்டிருக்கும் ஓய்வுக்காலக் குடியிருப்புகள். சாப்பாடு, கோவில், டாக்டர் எல்லாம் உண்டு. "எங்கள் விஷயம் ஸெட்டில் ஆகிவிட்டது" என்று அங்கே போனவர்கள் நிம்மதியாகச் சொல்கிறார்கள். அந்த ஒப்பந்தத்தைத் தயவுசெய்து இன்னொரு தடவை எடுத்துப் படியுங்கள். தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடிகிறவருக்கு மட்டும்தான் இடம் என்று ஒரு ஷரத்து அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஞாபகம் தவறுகிற அன்றைக்கு நீங்கள் வேறு இடம் தேட வேண்டியிருக்கும்.

இது ஏதோ நாலு குடும்பங்களின் கஷ்டம் என்று நினைக்க வேண்டாம். 2023-ல் வெளியான ஒரு தேசிய அளவிலான ஆய்வு, நம் நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாகக் கணக்கிட்டது. ஏறக்குறைய 88 லட்சம் பேர். இந்த ஹாலில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

என் மூத்த தமக்கைக்கு இப்போது 84 வயது. அத்திம்பேர் ரயில்வேயில் இருந்தார். நாகபுரியில் ஐம்பது வருஷ வாசம். அவர் காலமான பிறகு அக்கா புணேயில் என் மருமானோடு இருந்தாள். நோய் தெரிந்த பின்னும் நாலு வருஷம் அவனும் மாட்டுப்பெண்ணும் ஆத்திலேயே வைத்துக்கொண்டு பார்த்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு மூன்று தடவை வெளியே போய்விட்டாள். காஸ் அடுப்பைத் திறந்துவிட்டு மறந்தாள். பகலுக்கு ஓர் ஆள், இரவுக்கு ஓர் ஆள் என்று ஏஜென்ஸி மூலம் வைத்ததில் ஒரே வருஷத்தில் பதினோரு பேர் மாறினார்கள். மாட்டுப்பெண்ணுக்கு முதுகு போயிற்று. அதற்கப்புறம்தான் 2023-ல் நானும் மருமானும் ஆறு இல்லங்களைப் போய்ப் பார்த்தோம். புணேயில் நாலு, பெங்களூரில் ஒன்று, கோயம்புத்தூரில் ஒன்று. பெயர்களைச் சொல்லப் போவதில்லை. நான் பார்த்த நாளில் இருந்த நிலைமை நீங்கள் போகிற நாளில் இருக்காது.

இல்லம் பார்க்கக் கிளம்புவதற்கு முன்னால் ஒன்று. வந்திருப்பது டிமென்ஷியாதான் என்று ஒரு நரம்பியல் டாக்டரோ மனநல மருத்துவரோ சொல்லியிருக்க வேண்டும். தைராய்டு குறைவு, மனச்சோர்வு, பி12 வைட்டமின் குறைவு இவையெல்லாம் இதே வேஷத்தில் வரும். பால், தயிர் தவிர வேறு வழியே இல்லாத சைவர்களான நமக்குப் பி12 விஷயத்தில் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும். சாதாரண ரத்தப் பரிசோதனைதான். அதைச் செய்யாமல் ஒருவரை இல்லத்தில் கொண்டு விடுவது தர்மமல்ல. எந்த வகை டிமென்ஷியா என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் மத்திய சர்க்காரில் முப்பத்து நாலு வருஷம் இருந்தேன். அதில் பாதிக்கு மேல் மற்ற அலுவலகங்களை இன்ஸ்பெக்ஷன் செய்கிற வேலை. இன்ன தேதி வருகிறோம் என்று கடிதம் போனால் என்ன நடக்கும் என்பது இங்கே இருக்கும் பாதிப் பேருக்குத் தெரியும். சுவருக்குச் சுண்ணாம்பு, மேஜைக்குப் புதுத் துணி, பூங்கொத்து, முந்திரிப் பருப்பு. நாங்கள் அதையெல்லாம் பார்த்துவிட்டு நேரே ரிக்கார்டு ரூமுக்குப் போவோம். இல்லத்தைப் பார்ப்பதும் அதே மாதிரிதான். வரவேற்பறை ஸோபாவும், பிஸியோதெரபி அறையின் மெஷினும், சுவரில் மாட்டிய புகைப்படங்களும் உங்களுக்காக வைத்தவை. நீங்கள் பார்க்க வேண்டியது உங்களுக்காக வைக்காதவற்றை.

முதல் தடவை சொல்லிவிட்டுப் போங்கள். அதுதான் மரியாதை. இரண்டாவது, மூன்றாவது தடவை சொல்லாமல் போங்கள், வேறு வேறு நேரத்தில். நான் பௌதிகம் படித்தவன். ஒரே ஒரு ரீடிங்கை வைத்துக்கொண்டு முடிவு எழுதினால் எங்கள் புரொபஸர் நோட்டைத் தூக்கி எறிவார். சொல்லாமல் வந்தவர்களை உள்ளே விடமாட்டோம் என்று ஒரு இல்லம் சொன்னது. மற்றவர்கள் குளிக்கும் அறைக்குள் விட முடியாது என்றால் நியாயம். பொது ஹாலுக்கே விடமாட்டேன் என்றால் நான் அதோடு அந்தப் பெயரை அடித்துவிட்டேன்.

எந்த நேரத்தில் போவது? காலை பதினோரு மணிக்குப் போனால், விழித்திருப்பவர்கள் எத்தனை பேர், நாற்காலியிலேயே தலை தொங்கித் தூங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். வயதானவர்கள் கண்ணயர்வது சகஜம்தான். ஆனால் இருபது பேரில் பதினைந்து பேர் அந்த நேரத்தில் தூங்கினால், அது வயதல்ல, மாத்திரை. மனநோய்க்குக் கொடுக்கும் மாத்திரைகளை டிமென்ஷியா முதியவர்களுக்குக் கொடுத்தால் மரண அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரிக்கை விட்டது. 2008-ல் அந்த எச்சரிக்கையைப் பழைய வகை மாத்திரைகளுக்கும் சேர்த்துவிட்டார்கள். சில சமயம் டாக்டர்கள் வேறு வழியில்லாமல், குறைந்த அளவில், கொஞ்ச காலத்துக்குக் கொடுப்பார்கள். அது தவறல்ல. யார் எழுதிக் கொடுத்தது, எதற்காக, எப்போது மறுபடி பார்த்துக் குறைக்கிறார்கள் என்று கேட்டால் பதில் வர வேண்டும். "ராத்திரி தொந்தரவு பண்ணினால் எங்கள் சிஸ்டரே கொடுத்துவிடுவார்" என்பது பதிலல்ல. லூயி பாடி என்று ஒரு வகை டிமென்ஷியா இருக்கிறது. அவர்களுக்கு ஹாலோபெரிடால் போன்ற மருந்து கொடுத்தால் உடம்பு மரக்கட்டையாகிவிடலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். வகையை எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னது இதனால்தான்.

அடுத்து மத்தியானச் சாப்பாட்டு நேரம். நம்மவர்கள் இல்லம் பார்க்கப் போனால் முதல் கேள்வி வெங்காயம், பூண்டு. இரண்டாவது, சமையலறையில் அசைவம் உண்டா என்பது. கேட்க வேண்டிய கேள்விகள்தான், நானும் கேட்டேன். புணேயில் இரண்டு இல்லங்களில் சமையல் முழு சைவம். ஆனால் என்ன சமைக்கிறார்கள் என்பதோடு நின்றுவிடாதீர்கள். அதை யார், எத்தனை நேரம் ஊட்டுகிறார்கள் என்று பாருங்கள்.

ஒரு இல்லத்தில் 22 பேர் இருந்தார்கள். அதில் தானாகச் சாப்பிட முடியாதவர்கள் 9 பேர். ஊட்ட 3 பெண்கள். நோய் முற்றியவருக்கு ஒருவேளை சாதம் ஊட்ட அரை மணி நேரமாவது ஆகும். வாயில் வைத்ததை மெல்ல மறந்துபோவார்கள், முழுங்க மறந்துபோவார்கள், நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 9 பேருக்கு 270 நிமிஷம், மூன்றால் வகுத்தால் ஒன்றரை மணி நேரம். அங்கே பன்னிரண்டரைக்கு ஆரம்பித்து ஒண்ணேகாலுக்குத் தட்டைக் கழுவப் போட்டுவிட்டார்கள். ஆக, ஒருவருக்குப் பதினைந்து நிமிஷம்தான் கிடைத்தது. அந்தப் பெண்கள் கெட்டவர்கள் இல்லை. ஆளுக்கு இரண்டு தட்டை வைத்துக்கொண்டு, நின்றபடி, இந்த வாய்க்கு ஒரு ஸ்பூன் அந்த வாய்க்கு ஒரு ஸ்பூன் என்று தங்களால் முடிந்ததைச் செய்தார்கள். அவசரமாக ஊட்டிய சாதம் மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா. இந்த நோயாளிகளில் பலருக்கு யமன் அந்த வழியில்தான் வருகிறான். அப்படிப் போகாத மீதிச் சாதம் தட்டோடு குப்பைக்குப் போகிறது, உடம்பு இளைக்கிறது.

அதனால்தான் எடைப் பதிவேட்டைக் கேளுங்கள் என்கிறேன். மாதம் ஒரு தடவையாவது ஒவ்வொருவருக்கும் எடை பார்த்து எழுதுகிறார்களா? ஒரு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு எடை குறைந்தால் டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம். 45 கிலோ இருக்கிற பாட்டிக்கு அது இரண்டேகால் கிலோ. புடவைக்குள் கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும். பெயரை மறைத்துக்கொண்டு பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு இல்லங்களில்தான் எங்களுக்குக் காட்ட முடிந்தது. மற்ற இடங்களில், "எல்லாரும் நன்றாகத்தான் சாப்பிடுகிறார்கள் ஸார்" என்றார்கள்.

பதிவேடு என்றவுடன் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விழுந்தவர்களைப் பற்றிய பதிவு. "எங்கள் இல்லத்தில் யாரும் விழுந்ததே கிடையாது" என்று ஒரு மேனேஜர் பெருமையாகச் சொன்னார். எழுபது எண்பது வயதுக்காரர்கள், சமநிலை இல்லாதவர்கள், இருபது பேர் நடமாடுகிற இடத்தில் வருஷம் முழுவதும் யாருமே விழவில்லை என்றால், ஒன்று எழுதவில்லை, இல்லாவிட்டால் நடக்கவே விடவில்லை. அங்கே சாயங்காலம் போய்ப் பார்த்தபோது இரண்டு பேரை நாற்காலியோடு துப்பட்டாவால் கட்டியிருந்தார்கள். மாறாக இன்னொரு இடத்தில் அந்த வருஷம் பதினாலு தடவை விழுந்ததை, நேரம், இடம், காரணம், அதற்குப் பிறகு என்ன மாற்றினார்கள் என்று எழுதி வைத்திருந்தார்கள். பாத்ரூம் வாசலில் மூன்று பேர் விழுந்த பிறகு அங்கே படியை இடித்துச் சரிவாக்கியிருக்கிறார்கள். அந்தப் பதினாலு எனக்கு நம்பிக்கை கொடுத்தது.

கட்டிவைப்பதைப் பற்றிச் சட்டமே இருக்கிறது. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்க்குக் கொடுக்கும் விளக்கத்திலேயே ஞாபக சக்திக் கோளாற்றையும் சேர்த்திருக்கிறது. அப்படிப்பட்டவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் நிலையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். தனியறையில் அடைக்கக் கூடாது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பிலுள்ள மனநல மருத்துவர் அனுமதித்தால்தான், உடம்பைக் கட்டுப்படுத்தலாம். அதையும் எழுதி வைக்க வேண்டும். பல இல்லங்கள் வெறும் முதியோர் இல்லம் என்ற போர்டோடு நடக்கின்றன. எந்தச் சட்டத்தின் கீழ் பதிவு, சர்ட்டிபிகேட் எங்கே, எந்தத் தேதி வரை என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பதிவு இருப்பதாலேயே நல்ல இல்லம் ஆகிவிடாது. ஆனால் கேட்ட மாத்திரத்தில் முகம் மாறுகிறதா என்று பார்க்கலாம் இல்லையா?

இராத்திரி. இங்கேதான் விளம்பரக் காகிதங்கள் மிகவும் மௌனமாக இருக்கின்றன. "நாலு பேருக்கு ஒரு ஆள்" என்று போட்டிருக்கும். அது மொத்த ஆட்களை மொத்தப் பேரால் வகுத்த கணக்கு. சமையற்காரர், டிரைவர் எல்லாம் அதில் சேர்த்தி. நீங்கள் கேட்க வேண்டியது, இராத்திரி இரண்டு மணிக்குக் கண்விழித்து இருப்பவர்கள் எத்தனை பேர் என்று. வாய்ப் பதிலை விட்டுவிட்டுப் போன மாதத்து ட்யூட்டி சார்ட்டைப் பாருங்கள். இந்த மாதத்தது வேண்டாம், போன மாதத்தது. ஒரே பெயர் பகலிலும் இரவிலும் வந்தால், அந்தப் பெண் அங்கேயே தங்கி, அங்கேயே படுத்து, கூப்பிட்டால் எழுந்து வருகிறவள் என்று அர்த்தம். மனுஷிதானே, அவளும் தூங்குவாள். படுக்கையோடு இருப்பவர்களை இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். அந்தச் சார்ட்டும் இருக்க வேண்டும். இராத்திரி மூச்சுத் திணறினால் எந்த ஆஸ்பத்திரி, யார் கூடப் போவார்கள், வண்டி யாருடையது என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வாசனையைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். மூத்திர நாற்றம் கூடாது என்று. எனக்கு பினாயில் நெடி அதிகமாக இருந்தாலும் சந்தேகம்தான். அதைவிட முக்கியம், பாத்ரூம் போக இன்னும் தெரிந்தவருக்கும் வந்த முதல் நாளே டயப்பர் மாட்டிவிடுகிறார்களா என்பது. இரண்டு மணிக்கு ஒரு தடவை கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனால் பல பேர் இன்னும் சில வருஷங்கள் டயப்பர் இல்லாமல் இருப்பார்கள். அதற்கு ஆள் வேண்டும். டயப்பருக்கு ஆள் வேண்டாம், பில் மட்டும் போதும்.

சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். வெளிச்சம் மங்கும்போது இவர்களுக்குப் பதற்றம் கூடும். "நான் ஆத்துக்குப் போகணும், கொழந்தைகள் ஸ்கூல்லேர்ந்து வந்துடும்" என்று அறுபது வருஷத்துக்கு முந்தைய வீட்டைத் தேடுவார்கள். அந்தக் கேள்விக்கு அங்குள்ள பெண் என்ன செய்கிறாள் என்பதை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். ஒரு இடத்தில், அதுதான் நாங்கள் பார்த்ததிலேயே அதிக வாடகை, மாதம் எண்பதாயிரம், வாசலை நோக்கிப் போன மராத்தி ஆஜி ஒருவரைப் பார்த்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே "பைட்டோ" என்று ஒரு அதட்டல். இன்னொரு இடத்தில் கையைப் பிடித்துக்கொண்டு, "சரி போகலாம், டீ குடித்துவிட்டுப் போகலாமா?" என்று பேசியபடியே வராந்தாவை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தாள் அந்தப் பெண். கிழவி எங்கே போகக் கிளம்பினோம் என்பதை மறந்து டீ குடித்தாள். மாதம் ஐம்பத்தைந்தாயிரம். இதற்குப் பயிற்சி உண்டு. யார் பயிற்சி கொடுத்தார்கள் என்று கேட்டேன். 1992-ல் கேரளத்தில் ஆரம்பித்த அல்ஸைமர் சங்கத்தின் கிளை ஒன்றில் மேற்பார்வையாளர் படித்ததாகச் சொன்னார்கள். அந்தச் சங்கத்துக்குப் பல நகரங்களில் கிளைகள் உண்டு. இல்லம் தேடுபவர்கள் முதலில் அவர்களிடம் பேசுவது நல்லது.

இனி நமக்கென்றே உள்ள ஒரு கஷ்டத்துக்கு வருகிறேன். பாஷை.

பிற்காலத்தில் கற்ற பாஷை முதலில் போவதும், தாய்பாஷை கடைசி வரை நிற்பதும் இந்த நோயில் அடிக்கடி காண்பது. அக்கா நாகபுரியில் காய்கறிக்காரியோடு மராத்தியில் பேரம் பேசியவள், பக்கத்து வீட்டு மாமியோடு ஹிந்தியில் சண்டையே போட்டவள். 2022 வாக்கில் மராத்தி போயிற்று, அப்புறம் ஹிந்தியும் பெரும்பாலும் போயிற்று. மிஞ்சியது தமிழ், அதுவும் ஆத்துத் தமிழ். பந்துக்கள் எல்லாரும் ஒரே குரலில், "தமிழ் பேசுகிற இடத்தில் கொண்டு விடுங்கள், கோயம்புத்தூர்தான் சரி" என்றார்கள். போய்ப் பார்த்தோம். சுத்தமான இடம், சாப்பாடு சைவம், விஷ்ணு ஸகஸ்ரநாமம் காலையில் ஒலிபரப்பாகிறது. அங்கே தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாட்டி ஒருத்தி, "கொல்லைக்குப் போகணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஊர்ப் பெண் சிரித்தபடி, "கொல்லையெல்லாம் இங்க இல்லைங்க பாட்டி, உட்காருங்க" என்றாள். பாட்டி மூன்றாம் தடவை கேட்கும்போது புடவை நனைந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தாய்பாஷை. பாட்டிக்கும் தமிழ்தான். நான் எழுந்துபோய்ச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அர்த்தம் புரிந்தது, பாவம், மிகவும் வருத்தப்பட்டாள்.

ஆக, தமிழ் பேசும் இடம் என்பதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. நானும் மருமானும் நாலு நாள் இதையே பேசினோம். கோயம்புத்தூரில் எங்களுக்கு யாரும் இல்லை. அவன் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை விமானத்தில் வந்து போவான், அதற்கு மேல் முடியாது. புணே இல்லம் அவன் வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர், ஆனால் தமிழ் தெரிந்த ஒரே ஒரு நர்ஸ், அவரும் பாலக்காடு. நான் புணேதான் என்றேன். சொல்லத் தெரியாத ஒருவருக்காகக் கவனித்துச் சொல்ல, வாரத்தில் இரண்டு நாள் சொல்லாமல் வந்து நிற்கும் சொந்தக்காரர் வேண்டும். உதட்டில் வெடிப்பு, நகத்தில் அழுக்கு, முழங்கையில் நீலம், இதையெல்லாம் வீடியோ காலில் பார்க்க முடியாது. பாஷைக்கு ஏதாவது வழி பண்ணலாம், வராத மனுஷனுக்கு என்ன வழி பண்ணுவது? இதில் வேறு அபிப்பிராயம் உள்ளவர்கள் இருக்கலாம். சென்னையிலோ திருச்சியிலோ தினமும் போய்ப் பார்க்கத் தங்கையோ தம்பியோ இருந்தால் நானும் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

நம் வழக்கங்களைப் பற்றியும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். குளிப்பாட்டச் சௌகரியம் என்று பெண்களுக்குத் தலைமுடியைக் கத்தரித்துவிடும் இடங்கள் உண்டு. எல்லாருக்கும் நைட்டிதான். சுமங்கலிகளின் தாலியைக் கழற்றிப் பத்திரமாக வீட்டுக்குக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பவுன் விஷயத்தில் அது சரிதான். மஞ்சள் சரடு மட்டும் இருக்கட்டும் என்று சொல்லிவிடலாம். என் சிநேகிதர் ஒருவரின் தகப்பனாருக்கு, ஸ்நானம் செய்விக்கும்போது பூணூலை ஏதோ கயிறு என்று கழற்றிப் போட்டுவிட்டார்கள். மனுஷர் நாள் முழுக்கத் தோளைத் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தார். பெற்ற பிள்ளையின் பெயரை மறந்தவர் அதை மறக்கவில்லை. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. நாம் சொல்லாவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. நாங்கள் 2023-ல் பார்த்தபோது நாற்பத்தைந்தாயிரத்திலிருந்து எண்பதாயிரம் வரை சொன்னார்கள். டயப்பர், மருந்து, டாக்டர் விஸிட் எல்லாம் தனி. டெபாசிட் எப்போது, எவ்வளவு திரும்ப வரும், ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்கு வாடகை உண்டா, வருஷம் எவ்வளவு ஏற்றுவார்கள், எல்லாம் எழுத்தில் வேண்டும். அதைவிட முக்கியமான கேள்வி, எந்த நிலை வந்தால் இங்கே வைத்துக்கொள்ள மாட்டீர்கள் என்பது. அடித்தால் அனுப்புவார்களா, படுத்த படுக்கையானால் அனுப்புவார்களா, மூக்கில் குழாய் போட்டால் அனுப்புவார்களா? இதற்கு எழுத்தில் பதில் கொடுத்தது ஒரே ஒரு இல்லம்தான்.

கையெழுத்து விஷயத்தை நோயின் ஆரம்பத்திலேயே முடித்துவிடுங்கள். பவர் ஆஃப் அட்டர்னி இருக்கிறதே என்று பலர் நினைக்கிறார்கள். 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவுப்படி, அதிகாரம் கொடுத்தவருக்குச் சித்த சுவாதீனம் போனால் அந்த அதிகாரமும் முடிந்துபோகிறது. அப்புறம் பாதுகாவலராக நியமிக்கச் சொல்லி ஹைகோர்ட் வரை போக வேண்டி வரும். பாங்கு கணக்கு, பென்ஷன், உயில் எல்லாவற்றையும் அவர் தெளிவாக இருக்கும்போதே அவரையே உட்கார வைத்துக் கேட்டு ஒழுங்குபடுத்துவதுதான் அவருக்கும் கௌரவம்.

சேர்த்த பிறகும் பார்ப்பது நிற்கக் கூடாது. முதல் மாதத்தைப் பரீட்சை மாதம் என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்ளுங்கள். "கொஞ்ச நாள் வராதீர்கள், அப்போதுதான் பழகுவார்" என்று சிலர் சொல்வார்கள். மருமான் ஒப்புக்கொள்ளவில்லை, நானும் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்றேன். தினமும் ஒரு மணி நேரம் போனான், சத்தமில்லாமல் ஒரு மூலையில் உட்கார்ந்தான். மூன்றாவது வாரம் அக்கா திடீரென்று யாரையும் அடையாளம் தெரியாமல், கண்டபடி பேச ஆரம்பித்தாள். நோய் முற்றிவிட்டது என்று இல்லத்தில் நினைத்தார்கள். ஒரே நாளில் நோய் அப்படி முற்றாது என்று இவன் பிடிவாதமாகச் சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொன்னான். கிருமித் தொற்று. ஐந்து நாள் மருந்தில் பழையபடி ஆனாள். ஏதாவது கொடுமை நடப்பதாகச் சந்தேகம் வந்தால், மாநில மனநல ஆணையத்துக்குப் புகார் எழுதலாம். முதியோருக்கான தேசிய உதவித் தொலைபேசி 14567. 2021 முதல் நடக்கிறது, கட்டணம் கிடையாது.

அக்கா இப்போது அங்கேதான் இருக்கிறாள். என்னைப் பார்த்தால் சில நாள் அப்பா என்கிறாள், சில நாள் போஸ்ட்மேன் என்கிறாள். எடை இரண்டு வருஷத்தில் ஒரு கிலோ குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பாஷைக்கு வழி பண்ணலாம் என்று சொன்னேன் அல்லவா? நாங்கள் செய்தது இது. அக்கா வழக்கமாகச் சொல்லும் நாற்பத்திரண்டு வார்த்தைகளை எழுதினோம். ஜலம், தீர்த்தம், சாதம், மோர், கொல்லைக்கு, ஒண்ணுக்கு, வலிக்கறது, குளிர்றது, சுடறது, பயமாயிருக்கு, போறும், தூளி, விளக்கேத்து, இப்படி. ஒவ்வொன்றுக்கும் எதிரே தேவநாகரியில் உச்சரிப்பு, பக்கத்தில் ஹிந்தியிலும் மராத்தியிலும் அர்த்தம். லாமினேட் செய்து கட்டிலின் தலைமாட்டில் மாட்டியிருக்கிறோம். அங்கிருக்கும் ஜார்க்கண்ட் பெண் ஒருத்தி இப்போது "போறுமா பாட்டி?" என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்பூனைக் கீழே வைக்கிறாள். அதன் பிரதிகள் முப்பது, வாசல் மேஜையில் வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு உங்கள் ஆத்து வார்த்தைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கன்னடம், வங்காளம், குஜராத்தி எழுதத் தெரிந்த அங்கத்தினர்கள் அந்தந்த லிபியில் எழுதிக் காரியதரிசிக்கு அனுப்பினால், மற்றக் கிளைகளுக்கும் அனுப்பி வைக்கிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். இனி, கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.